நல்லவேளை நோட்டு

கடலூர் சிப்காட்டிலும், அங்கிருந்து சிதம்பரம் வரும் சாலையின் இருபுறமும் ஆலையோ பட்டறையோ கிடங்கோ நடத்துகிற முதலாளிகளுக்கும் இயக்குநர்களுக்கும் மேலாளர்களுக்கும்,



உங்கள் ஆலைகளின் வரவேற்பறையில், சாமி படத்துக்கும் தரச் சான்றிதழ்களுக்கும் நடுவே, கண்ணாடிச் சட்டம் போட்ட தாள் ஒன்று தொங்கும். மேலே கம்பெனி முத்திரை, கீழே நிர்வாக இயக்குநரின் கையெழுத்து, இடையில் ஏழெட்டு வரி ஆங்கிலம். பாதுகாப்புக் கொள்கை என்று அதற்குப் பெயர். அந்தத் தாளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்தச் சாலையில் ஷிப்டுக்குப் போனவன். சிதம்பரத்தில் பஸ் ஏறினால் பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டும்போதே மூக்குக்கு ஆலை வந்துவிட்டது தெரியும். என் ஆலையிலும் அப்படி ஒரு தாள் இருந்தது. ஓய்வு பெறும் நாள்வரை நான் அதைப் படித்ததில்லை. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. நாங்கள் நுழைவது டைம் ஆபீஸ் வாசல். தாள் தொங்குவது விருந்தாளி வாசல். கடைசி நாள் பி.எஃப். கையெழுத்துக்காக என்னை முதன்முதலாக அந்த வரவேற்பறை சோபாவில் உட்காரவைத்தார்கள். சும்மா இருந்த நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நல்ல தாள்தான். ஆபத்து என்று தோன்றினால் எந்தத் தொழிலாளியும் வேலையை நிறுத்தலாம் என்று அதில் போட்டிருந்தது. முதல் நாள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதைக் கடைசி நாள், அதுவும் தற்செயலாக, சுவர் சொல்லிற்று.

அந்தத் தாள் அங்கே எப்படி வந்தது என்று உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் அப்படி ஒரு கடமை கிடையாது. 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து கசிந்த வாயு ஊரையே படுக்கவைத்த பிறகு, 1987இல் சட்டத்தைத் திருத்தி 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆலை நடத்துகிறவர் தொழிலாளர்களின் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தம் கொள்கையை எழுத்தில் தயாரிக்க வேண்டும், அவ்வப்போது திருத்த வேண்டும், அதை நிறைவேற்ற என்ன அமைப்பு, என்ன ஏற்பாடு என்பதையும் எழுத வேண்டும், எல்லாத் தொழிலாளர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. பிரிட்டனில் 1974லேயே இப்படி ஒரு கடமை வந்துவிட்டது. நமக்கு அது வர ஆயிரக்கணக்கானோர் சாக வேண்டியிருந்தது. உங்கள் சுவரில் தொங்கும் தாள் ஆலோசகர் கொடுத்தது என்று நினைக்காதீர்கள். போபால்காரர்கள் உயிரைக் கொடுத்து வாங்கித் தந்தது அது.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டமே போய்விட்டது, புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது என்று உங்கள் ஆலோசகர் சொல்லியிருப்பார். உண்மைதான். புதிய சட்டத்திலும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்கும் உரிமையும், கண்முன் தெரியும் ஆபத்தைச் சொல்லும் உரிமையும் இருக்கின்றன. கம்பெனி என்றால் இயக்குநர்களில் ஒருவரே பொறுப்பாளி என்பதும் மாறவில்லை. ஆகவே சென்னையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற இயக்குநர் ஐயாவுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதல் குறையைச் சொல்லிவிடுகிறேன். தாளும் அதன் பின்னால் இருக்கும் தடித்த கோப்பும் உங்கள் ஆலையில் பிறந்தவை இல்லை. எங்கோ ஓர் ஆலைக்குத் தயாரித்ததைப் பெயர் மாற்றி வாங்கியிருக்கிறீர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் அவசரகாலத் திட்டம் என்று ஒரு கோப்பு. அதில் தீயணைப்பு நிலையத்தின் தொலைபேசி எண்ணை ஒருநாள் பார்த்தேன். வேறு மாவட்டத்து எண். பல ஆண்டுகளாக, எத்தனையோ ஆய்வுகளைத் தாண்டி, அந்த எண் அங்கேயே இருந்திருக்கிறது. ஆய்வுக்கு வந்தவர்களும் பக்கத்தை எண்ணினார்களே தவிரப் படிக்கவில்லை. நல்லவேளை, யாரும் அந்த எண்ணுக்குப் போன் போட வேண்டிய நிலை வரவில்லை.

இந்த மண்ணில் எழுதிய கொள்கை என்றால் அதில் முதலில் காற்று இருக்கும். நமக்குக் கிழக்கே கடல். வெயில் ஏற ஏறக் கடற்காற்று உள்ளே வரும். ராத்திரி காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். ஆனி ஆடியில் மேல்காற்று மத்தியானம்வரை கடற்காற்றோடு மல்லுக்கு நிற்கும். இது உப்பனாற்றில் வலை வீசுகிற சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் பல ஆலைகளில் ஆபத்து மணி அடித்தால் கூட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், மெயின் கேட். காலை பத்து மணிக்குப் பாதுகாப்பான இடம், மாலை நான்கு மணிக்கு வாயு போகும் வழியாக இருக்கலாம். இரண்டு கூடுமிடம் வேண்டும், எது எப்போது என்று தீர்மானிக்கக் காற்றுப்பை ஒன்று உயரத்தில் பறக்க வேண்டும், அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்க வேண்டும்.

அடுத்து, புயல். 2004 சுனாமியை விடுங்கள், அது முன்னறிவிப்பில்லாமல் வந்தது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கரையேறியபோது நமக்கு முன்னாலேயே தெரியும். கரண்ட் போனால் ரியாக்டரின் கிளறி நிற்கும், குளிர்நீர் நிற்கும். உள்ளே நடக்கிற வினை மட்டும் நிற்காது. எந்த எச்சரிக்கை வந்ததும் எந்த பேட்சைத் தொடங்கக் கூடாது, யார் அதை முடிவு செய்வது, ஜெனரேட்டர் எந்த மோட்டாருக்கு முதலில் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா? வேறு மாநிலத்தின் வறண்ட பகுதியில் எழுதிய கோப்பில் இது இருக்காது. வானத்தையும் கடலையும் பார்த்து நாம்தான் எழுத வேண்டும்.

இப்போது என் கணக்குக்கு வருகிறேன். பிறருக்குப் புத்தி சொல்ல வந்தவன் தன் கையிலுள்ள கறையை முதலில் காட்ட வேண்டும்.

ஒரு நைட் ஷிப்ட். நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்த வெசல் ஒன்றுக்குள் அடியில் தங்கியதை வழிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அனுப்பிய இருபது வயதுப் பையன் ஒருவன் இறங்கத் தயாராக நின்றான். நுழைவு பர்மிட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம். மீட்டரை எடுத்தேன், பேட்டரி தீர்ந்து கிடந்தது. மாற்று பேட்டரி ஸ்டோரில். ஸ்டோர் காலையில்தான் திறப்பார்கள். காலைக்குள் பேட்ச் ஏற்ற வேண்டும் என்று மேலேயிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. 20.9 என்று எழுதினேன். சுத்தமான காற்றில் இருக்கும் அளவு அது. வழக்கமாக அந்தக் கட்டத்தில் விழுகிற எண்ணும் அதுதான்.

நைட்ரஜனுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது, மூச்சு முட்டுவது போலக்கூட இருக்காது. பையன் ஏணியில் நாலு படி இறங்கினான், முட்டி மடங்கிற்று. அவனுடைய மேஸ்திரி ஒரு பழைய ஆள். பிடிவாதமாக இடுப்பில் கயிறு கட்டி அனுப்பியிருந்தார். மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம். வெளியே போட்டதும் கொஞ்ச நேரத்தில் கண் திறந்தான், வாந்தி எடுத்தான். டீ வாங்கிக் கொடுத்து, பைக்கில் வீட்டுக்கு அனுப்பினோம். எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தைதான்: "நல்லவேளைப்பா."

காலையில் லாக் புக்கில் எழுதவா என்று கேட்டேன். "ஒண்ணும் ஆவலையே, அத எதுக்கு எழுதிக்கிட்டு?" என்றார் ஷிப்ட் இன்சார்ஜ். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. எழுதினால் அந்த 20.9ஐயும் எழுத வேண்டும்.

சில வருடம் கழித்து, நான் வேறு பிரிவுக்கு மாறிய பிறகு, அதே வெசலில் அதே வேலைக்கு வேறொருவர் இறங்கினார். இடுப்பில் கயிறு இல்லை. தூக்குவதற்கு நேரமாகிவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் மூளைக்குக் காற்று போகாத அந்தச் சில நிமிடங்கள் போனவைதான். இன்றும் மளிகைக் கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை எண்ண மகள் கூடப் போக வேண்டும். அன்றைய பர்மிட்டைப் பிறகு பார்த்தேன். ஆக்சிஜன் கட்டத்தில் 20.9. எழுதியவன் நான் வேலை பழக்கிய பையன்.

முதல் தடவை நடந்ததை அரைப் பக்கம் எழுதிக் கண்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டியிருந்தால் அந்த மனிதர் தன் சில்லறையைத் தானே எண்ணிக்கொண்டிருப்பார். அதனால்தான் கேட்கிறேன்: ஒவ்வொரு ஆலையிலும் ஒரு நல்லவேளை நோட்டு வையுங்கள். கோடு போட்ட சாதாரண நோட்டு. விபத்துப் பதிவேடு சட்டப்படி உங்களிடம் இருக்கும். அது அடிபட்டவர்கள் கணக்கு. இது அடிபடாமல் தப்பியவர்கள் கணக்கு. "நல்லவேளை" என்று ஒருவர் வாயில் வந்துவிட்டால், அன்றைக்கு ஷிப்ட் முடியுமுன் அது நோட்டில் ஏறிவிட வேண்டும். யார் எழுதினாலும் தண்டனை இல்லை. எழுதாமல் மறைத்தால்தான் கேள்வி. இதை உங்கள் கொள்கையின் முதல் வரியாக வைத்தாலும் தகும்.

எழுதிவைப்பது ஆபீஸ் வேலை, படித்தவர்கள் வேலை என்ற எண்ணம் உங்களிடம் இருக்கிறது. உங்கள் மதில் சுவருக்கு வெளியே பாருங்கள். 2004 வாக்கில் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து ஆட்கள் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து, என்ன வாடை என்று குறித்துவைத்தார்கள். வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, என்னென்ன ரசாயனம் என்று கேட்டு வாங்கினார்கள். நாங்கள் உள்ளே 20.9 என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில் வெளியே ஒரு கூட்டம் உண்மையை எழுதிக்கொண்டிருந்தது. அவர்கள் எழுத்து உங்களுக்கு எரிச்சலாக இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் பதிவு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்: தேதி, நேரம், திசை, கண்டது.

பதிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையைச் சொல்வார்கள். 1988 ஜூலை 6. பகல் ஷிப்டில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றிப் பழுதுபார்க்க எடுத்துப் போனார்கள், திறந்த வாய்க்கு ஒரு தட்டை வைத்து மூடினார்கள். மாலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாறியது. வால்வு இல்லை என்ற செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. வால்வுக்கு ஒரு பர்மிட், பம்ப்பின் பழுதுக்கு இன்னொரு பர்மிட், இரண்டும் ஒன்றாக இல்லை. இரவு பத்து மணி சுமாருக்கு மற்ற பம்ப் நின்றுபோனதால் இதை ஓட்டினார்கள். கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். அதற்கும் முன், 1974இல் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலையில் 28 பேர் இறந்ததற்குக் காரணமான தற்காலிகக் குழாய்க்கு முறையான வரைபடமே கிடையாது; பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்ட படம்தான். நம் பட்டறைகளில் இன்றைக்கும் எத்தனை குழாய் அப்படி ஏறுகிறது என்று உங்கள் ஃபிட்டரைக் கேளுங்கள். அவர் சிரிப்பார்.

அவ்வளவு தூரம் போவானேன். நம் மாவட்டத்தில், நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று கொதிகலன் விபத்து. அதே நாள் அதிகாலையில்தான் விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் ஸ்டைரீன் கசிந்து ஊர் ஓடியது. அந்தப் பெரிய செய்திக்குள் நெய்வேலி அமுங்கிவிட்டது. அதன்பின் ஜூலை 1, அதே நிலையத்தின் வேறோர் அலகில் மீண்டும் வெடித்தது. ஆறு பேர் அன்றே போனார்கள். தீக்காயத்தோடு படுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அடுத்த நாட்களில் போனார்கள். பலரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இரண்டுக்கும் நடுவே 55 நாள். முதல் விபத்து கற்றுத்தந்தது எதுவோ, பக்கத்து அலகில் நின்றவர்களைக் காப்பாற்ற அது போதவில்லை. பெரிய பொதுத்துறை நிறுவனத்திலேயே இப்படி என்றால், நூறு பேரை வைத்து ஓட்டுகிற உங்களிடம் பாடம் ஒரு பிளாண்டிலிருந்து அடுத்த பிளாண்டுக்கு நடந்து போவதற்குள் எத்தனை வருடம் ஆகும்? 2021 மே 13 அன்று சிப்காட்டில் பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் நாலு பேர் இறந்தார்களே, அடுத்த வாரம் உங்கள் ஆலையில் அதைப் பற்றி ஒரு கூட்டமாவது போட்டீர்களா? போட்டிருந்தால் அதன் குறிப்பு எங்கே?

ஒப்பந்தத் தொழிலாளர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபத்தான வேலை என்றால் நிரந்தரத் தொழிலாளி தயங்குவார், யூனியன் கேட்கும். அதனால் தொட்டி கழுவ, கழிவுநீர்க் குழியில் இறங்க, ஷட்டவுனில் குழாய் பிரிக்க ஒப்பந்த ஆள். அவருக்கு உங்கள் கொள்கை தெரியாது. உங்கள் கோப்பில் அவர் பெயரும் இருக்காது, ஒப்பந்தக்காரரின் பில்லில் ஒரு எண்ணாக இருப்பார். இப்போது அவர்களில் பலர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள். அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948 சட்டமே சொல்லியிருந்தது. உங்கள் கேட்டில் ஹெல்மெட் போடு என்பது மூன்று மொழியில் இருக்கிறது. கழிவுக் குழியில் அழுகின முட்டை வாடை வந்து திடீரென்று நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று பொருளில்லை, மூக்கு மரத்துவிட்டது, உடனே வெளியே ஓடு என்பது எந்த மொழியிலும் இல்லை. ஒருவர் உள்ளே விழுந்தால் காப்பாற்றக் குதிக்கிறவர் இரண்டாவது பிணம் என்பதும் இல்லை. தமிழில் எழுதுங்கள், இந்தியில் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வேலை தொடங்குமுன் வாயால் சொல்லுங்கள். சொன்னதற்கு அவரிடம் கைநாட்டு வாங்குவதற்குப் பதில், என்ன புரிந்தது என்று திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் மறுப்பும் எனக்குத் தெரியும். எழுதிவைத்தால் நாளைக்கு அதுவே எங்களுக்கு எதிராகச் சாட்சியாகிவிடும் என்பீர்கள். ஆலோசகர்கள் இதை மெல்லிய குரலில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள். விபத்து நடந்த பின் விசாரணைக்கு வருகிறவர் முன் இரண்டு விதமான ஆலை இருக்கும். ஒன்றில் மூன்று தடவை கசிந்தது, மூன்றும் எழுதப்பட்டது, இரண்டு சரிசெய்யப்பட்டது, மூன்றாவதற்கு வால்வு ஆர்டர் போட்ட ரசீது இருக்கிறது. மற்றதில் பதினைந்து வருடம் ஒன்றுமே நடக்கவில்லை, எல்லாக் கட்டத்திலும் 20.9. எதை அவர் நம்புவார்? வெள்ளைத் தாள்தான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி.

செலவாகும் என்பீர்கள். ஒரு நோட்டு, ஒரு மணி நேரக் கூட்டம், மீட்டருக்கு மாற்று பேட்டரி. ஸ்டோர் சாவியின் நகல் ஒன்று நைட் ஷிப்ட் மேசை இழுப்பறையில். நான் எழுதிய 20.9ஐத் தடுக்க அன்று தேவைப்பட்ட மொத்தச் செலவு அவ்வளவுதான்.

எங்களிடம் பத்துப் பதினைந்து பேர்தான், இதெல்லாம் பெரிய ஆலைகளுக்கு என்கிற பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்துகிற இடத்தில் 20 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை, முன்பு 10 போதும். இதில் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். சிதம்பரத்துக்கு மேற்கே, காட்டுமன்னார்கோயில் பக்கம் குருங்குடியில் 2020 செப்டம்பர் 4 அன்று பட்டாசு செய்கிற இடம் வெடித்தது. 9 பெண்கள் இறந்தார்கள். பெரிய ஆலை இல்லை, கொதிகலன் இல்லை, ரியாக்டர் இல்லை. வெடிமருந்துக்கு ஆள் எண்ணிக்கை தெரியாது. உங்களுக்குத் தடித்த கோப்பு வேண்டாம். மருந்து கலக்கும் அறையில் ஒரு நேரத்தில் எத்தனை பேர், எவ்வளவு சரக்கு, எந்த வாசல் எப்போதும் திறந்திருக்கும் என்று நாலு வரி சுவரில் எழுதி, அதை மீறச் சொல்ல எனக்கே உரிமை இல்லை என்று முதலாளி கையெழுத்துப் போட்டால் அதுவும் கொள்கைதான்.

ஆனால் எழுதுவது மட்டும் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஆலைகளுக்குப் பக்கத்திலேயே, செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில், 2025 ஜூலை 8 காலையில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அப்போது சிக்னலோடு பூட்டு இணைப்பில்லாத கேட் அது. கேட்டை மூடிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனில் எண் சொல்ல வேண்டும், அதுதான் நடைமுறை. எண் சொல்லப்பட்டது, கேட் மூடப்படவில்லை என்று விசாரணையில் வந்தது. காகிதத்தில் கேட் மூடியிருந்தது. அன்று அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு என் பர்மிட்தான் கண்முன் வந்தது. செய்யாததைச் செய்ததாக எழுதுகிற கை, ஆளைக் கொல்லுகிற கை. ஒரு ஆளை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டால் அந்தக் கை ஓயாது. பூட்டு இணைப்பு வேண்டும். எங்கள் விஷயத்தில் பேட்டரி வேண்டும். கூடவே, முடியாது என்று சொன்னவனை மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லாத முதலாளி வேண்டும்.

அதனால் கடைசியில் எல்லாம் அந்த ஒரு வரியில் வந்து நிற்கிறது: ஆபத்து என்று தோன்றினால் எந்தத் தொழிலாளியும் வேலையை நிறுத்தலாம். உங்கள் தாளில் இந்த வரி ஏற்கெனவே இருக்கும். அதற்குக் கீழே நான் இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறேன். நிறுத்தியவருக்கு, அவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும், அன்றைய கூலி உண்டு. நிறுத்தியது தவறாகவே இருந்தாலும் உண்டு. முதலாவதை எழுதப் பலர் சம்மதிப்பீர்கள், இரண்டாவதற்குத்தான் பேனா தயங்கும். ஆனால் நூறு தடவை தவறாக நிறுத்தட்டும் என்று விடாவிட்டால், நூற்றியோராவது தடவை சரியாக நிறுத்த வேண்டியவன் நிறுத்த மாட்டான். ஏணியில் நின்ற அந்த இருபது வயதுப் பையன் என்னைப் பார்த்து, "அண்ணா, மீட்டர் பாத்தாச்சா?" என்று ஒரு தடவை கேட்டான். பார்த்தாச்சு என்றேன். மேற்கொண்டு கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. அவனுடைய அன்றைய கூலி எங்கள் கையில் இருந்தது.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். ஒவ்வொரு வருடமும் பேட்ஜ் குத்துவீர்கள், கொடி ஏற்றுவீர்கள், சுவரொட்டிப் போட்டி வைத்து டிபன் பாக்ஸ் பரிசு தருவீர்கள். என் வீட்டில் அப்படி நாலு டிபன் பாக்ஸ் இருக்கிறது. வரும் மார்ச் 4க்குள் வேறொன்று செய்யுங்கள். கண்ணாடிச் சட்டத்திலிருந்து அந்தத் தாளை எடுங்கள். ஆபரேட்டர், ஃபிட்டர், ஒப்பந்த ஹெல்ப்பர், கேண்டீன் அக்கா, செக்யூரிட்டி, வேலியை ஒட்டி வீடு வைத்திருக்கிற ஒருவர் என்று ஒரு மேசையில் உட்காரவைத்து, அவர்கள் வாயில் வருகிற தமிழில் திரும்ப எழுதுங்கள். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் நேராக அதைச் செய்யப் பொறுப்பானவர் பெயரையும், அடுத்து எப்போது சரிபார்ப்பது என்ற தேதியையும் போடுங்கள். இந்தியில் மாற்றுங்கள். அன்று காலை டைம் ஆபீஸ் வாசலில், மூன்று ஷிப்டுக்கும், கையெழுத்துப் போட்ட இயக்குநரே நின்று உரக்கப் படியுங்கள். சென்னையிலிருந்து வருவதற்கு நாலு மணி நேரம்தான் ஆகும்.

அப்படியே நல்லவேளை நோட்டையும் அன்றே திறந்துவையுங்கள். முதல் பக்கம் எழுத யாரும் முன்வர மாட்டார்கள், எனக்குத் தெரியும். சொல்லி அனுப்புங்கள், சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன். எந்த ஆலை கூப்பிட்டாலும் சரி, முதல் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன். தேதி, ஷிப்ட், வெசல் எண், அந்தக் கட்டத்தில் நான் எழுதிய எண், எல்லாம் நினைவிருக்கிறது.